வராத கப்பலுக்குக் காத்திருந்தவர் பேரனுக்கு

என் கோஜோ அண்ணனுக்கு,

வருஷம் எனக்கு எண்ணாக நிற்காது என்பது உனக்குத் தெரியும். நடந்ததை வைத்துத்தான் சொல்வேன். கிருமி வந்து விமானமெல்லாம் தரையில் நின்ற வருஷம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று சொன்ன வருஷம். நம்ம ஊர்க் கிரிக்கெட் துபாய்க்கு வந்து, ஆளே இல்லாத மைதானத்தில் ஆடினார்கள். பெய்ரூத் துறைமுகம் வெடித்துச் சிதறியதும் அப்போதுதான். கைவிடப்பட்ட ஒரு கப்பலில் வந்த சரக்கு என்று போனில் செய்தி கேட்டு, நாம் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷம்தான் நம் கப்பல் உம்முல் குவைன் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நின்றது. முதலாளி போனை எடுக்கவில்லை. நீ இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று உன் மகள் கேட்கப் போகிறாள். அபெனா வியாழக்கிழமை ஷார்ஜாவுக்கு வருகிறாள், அண்ணே. வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, உன்னைப் புதைத்த இடத்தைப் பார்க்க வருகிறாள். பார்த்துவிட்டு நேரே நான் சமைக்கிற மெஸ்ஸுக்கு வருவாள். நான் என்ன சொல்ல?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல அருள் எழுதுகிறான். நமக்குப் படகில் தண்ணீர் கொண்டுவந்த அதே தொண்டி அருள்தான். "செத்துப்போனவுகளுக்குக் கடுதாசி எழுதி எந்தப் பொட்டியில போடுறது மாமா?" என்று கேட்டான். இங்குள்ள தமிழ் ஆட்கள் போடும் ஆண்டு மலரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் படிக்கட்டும். படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் கானா நாட்டுக்காரர். கப்பலில் டெக் வேலை வாங்கும் சாரங்கு. நான் அதே கப்பலில் சமைக்கிற பண்டாரி. அண்ணன் காலமெல்லாம் தமிழ் ஆட்களோடு கடலில் கிடந்ததால் பாதி தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுவார். எனக்கு அது முழுசாகப் புரியும். இங்கே நான் சொல்வதெல்லாம் எனக்குப் புரிந்த விதத்தில்தான்.

அபெனா போனில் குரல் அனுப்பியிருந்தாள். அருள் அதைத் துண்டு துண்டாக நிறுத்தித் தமிழில் சொன்னான்.

"என் அப்பாவைக் கொன்றது முதலாளி மட்டும் இல்லை அங்கிள். எங்கள் வீட்டுச் சுவரில் இறகுத் தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தர் தொங்கினாரே, அவரும்தான். அப்பாவின் தாத்தாவை வராத கப்பலுக்குக் காக்க வைத்தார். என் அப்பாவைப் போகாத கப்பலில் காக்க வைத்தார். கப்பல் ஏஜென்ட் எங்களிடம் சொன்னது என்ன தெரியுமா? 'உங்க அப்பா விருப்பப்பட்டுத்தான் இருந்தார்' என்று. எங்களை விட்டுவிட்டு இருக்க விருப்பப்பட்டாரா? படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன்."

அந்தப் படம் உன் வீட்டில் இறங்கிவிட்டது, அண்ணே. ஆனால் கப்பலில் இருந்த படம் இங்கே என் சமையல்கட்டுச் சுவரில் இருக்கிறதே. அவள் வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். மெஸ்ஸில் சாப்பிடுகிற ஆட்கள் எல்லோரும் ஒரே வாக்காகச் சொல்கிறார்கள், "அந்தப் புள்ள வரதுக்குள்ள அதக் கழட்டி வச்சிருங்க பெருசு. வந்த எடத்துல அழுகை, சண்டைன்னு எதுக்கு?" நேற்று சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறினேன். ஆணியில் கை வைத்தேன். கை வரவில்லை. இறங்கிவிட்டேன்.

அந்தப் படத்தை நீ கப்பல் சமையல்கட்டில் ஒட்டிய நாள் நினைவிருக்கிறதா? என் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் இடம் கேட்டாய். இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். தொப்பியில் வெள்ளை இறகு, தோளில் சரிகை, நம் நிறத்தில் முகம். நான் அவரை உங்கள் ஊர்ச் சாமி என்று நினைத்துவிட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் சோறு வடித்ததும் முதல் கரண்டியை முருகனுக்கு ஒரு தட்டில், அவருக்கு ஒரு தட்டில் வைத்துக் கும்பிட்டேன். ஊதுபத்தி இருந்த வரைக்கும் இருவருக்கும் காட்டினேன்.

எஞ்சின் ரூம் ராஜபாண்டிதான் கெடுத்தான். தூத்துக்குடிக்காரன், வாய் சும்மா இருக்காது. உள்ளே வந்து படத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, யாரு இவரு? கல்யாண பேண்டு மாஸ்டரா? இவருக்கு எதுக்குச் சோறு வச்சிருக்கீய?"

"டேய், சாரங்கு அண்ணனோட சாமிடா. வாயக் கழுவு."

நீ வாசலில் நின்று சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "சாமி இல்ல பண்டாரி. ஓட்டைக் கப்பல் வாங்கி ஜெயிலுக்குப் போனவர்" என்றாய்.

அப்புறம்தான் முழுக்கதையும் வந்தது. அவர் பேரை நீ சொல்வாய், என் நாக்கில் நிற்காது. நான் கப்பல் தலைவர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மேற்கே எங்கோ ஒரு தீவில் பிறந்தவர். அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சம். உலகத்தில் கறுப்பு ஆள் எங்கே இருந்தாலும் எல்லோரும் ஒரே சனம், நமக்கு ஒரு நாடு வேண்டும், நமக்கென்று கப்பல் வேண்டும் என்று அமெரிக்காவில் கூட்டம் கூட்டியவர். வீட்டு வேலை செய்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். கப்பலும் வாங்கினார். விற்றவன் தலையில் கட்டியது பழைய கப்பல். கொதிகலன் ஒழுகியது. கம்பெனி முழுகியது. அவரை ஜெயிலில் போட்டு, அப்புறம் நாட்டை விட்டே அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவுக்குப் போவோம் என்று ஊரெல்லாம் கூப்பிட்டவர், கடைசி வரைக்கும் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை. லண்டனில் செத்துப்போனார்.

உன் தாத்தா அப்போது உங்கள் ஊர்க் கரையில் அலைப்படகு வலித்தவர். தூரத்தில் நிற்கிற கப்பலுக்குப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்குகிற ஆள். தலைவருடைய பத்திரிகையை வெள்ளைக்காரன் தடை செய்திருந்தானாம். கப்பல் ஆட்கள் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். உன் தாத்தாவுக்கும் என்னைப்போல் படிப்பு இல்லை. யாரோ வாசிக்கக் கேட்டார். கேட்டதிலிருந்து, வேலை முடிந்ததும் கரையில் நின்று பார்ப்பாராம், நம் கப்பல் வருகிறதா என்று. வரவே இல்லை. பின்னால் உங்கள் நாடு விடுதலை ஆனபோது, அந்தக் கப்பல் கம்பெனியின் பேரில் இருந்த கறுப்பு நட்சத்திரத்தைத்தான் எடுத்துக் கொடியில் வைத்தார்கள் என்று சொன்னாய்.

ராஜபாண்டி துள்ளினான். "இது எங்க ஊருக் கதைல்லா! தூத்துக்குடியிலயும் ஒருத்தரு வெள்ளக்காரனுக்கு எதுத்துக் கப்பல் விட்டாரு. அவரையும் உள்ள தூக்கிப் போட்டு செக்கு இழுக்க வச்சானுவ. கப்பலும் போச்சு. ஆனா ஒண்ணு சாரங்கு, எங்க ஆளு கப்பல் ஓடுச்சி. தூத்துக்குடியிலேருந்து கொழும்புக்கு ஓடுச்சி. ஒங்க ஆளு கப்பல் ஒங்க ஊருக்கு வரவே இல்லயே?"

நீ உன் கையை அவன் கையோடு ஒட்டி வைத்தாய். "பாரு, நீ என்னவிடக் கறுப்பு. அப்ப அவரு உனக்கும்தான் தலைவர். உன் செக்கு ஆளு எனக்கும்தான்." மூன்று பேரும் சிரித்தோம். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் பையன் கறுப்பு என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நிறத்தைச் சொல்லிச் சிரித்துச் சந்தோஷப்பட்டது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

சிரிப்பெல்லாம் டீசல் இருந்த வரைக்கும்தான். மற்ற ஆட்கள் முன்னாடியே ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். கேப்டன், நீ, ராஜபாண்டி, நான் என்று நாலு பேர் மிச்சம். ஜெனரேட்டர் நின்றது. ஃபிரீசரில் இருந்ததை எல்லாம் கடலில் கொட்டினேன். இரும்பு, பகலில் அடுப்பாகக் காய்ந்தது. அருள் படகில் கொண்டுவந்த கேன் தண்ணீரை மூடியில் ஊற்றிக் குடித்தோம். கேப்டனுக்கு நெஞ்சு அடைத்தது, அவரை லாஞ்ச் படகில் இறக்கினார்கள். போகும்போது அவர் உன்னைப் பார்த்து, "சாரங், ஷிப் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் தண்ணீர் மூடியை வைத்து ராஜபாண்டிக்கும் உனக்கும் முட்டிக்கொண்டது. அவன் பெண்டாட்டி ஊரில் நிறைமாசம். இங்கே அவனுக்குத் தாகத்தில் கண் சிவந்திருந்தது.

"பொறுப்பாம்லா! மொதலாளியே விட்டுட்டு ஓடிட்டான், யாருக்கு வே பொறுப்பு? அந்தத் தொப்பிக்காரரு பேச்சக் கேட்டு ஒங்க தாத்தாவுக்கு என்ன கெடச்சுது? சனங்க குடுத்ததையும் தொலைச்சு, ஓட்டக் கப்பலக் காட்டி ஏமாத்துனாரு. ஒங்க தாத்தா வாயப் பொளந்துட்டுக் கரையில நின்னாரு. நீரு இங்க நிக்கீரு. ஒங்க குடும்பத்துக்கே இதான் பொழப்பா?"

நீ அவன் சட்டையைப் பிடித்தாய். உன் கை அவ்வளவு பெரிசு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் நடுவில் விழுந்து, "விடுண்ணே, விடுண்ணே" என்று கத்தினேன். நீ விட்டாய். அவன் கேட்டதற்கு மட்டும் நீ பதில் சொல்லவில்லை. முன்பக்கம் போய் நங்கூரச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அதற்கப்புறம் ஏஜென்ட் வந்த நாள். லாஞ்சை ஒட்டி நிறுத்தி, மேலே ஏறாமல் கீழே இருந்தே சொன்னான். இரண்டு பேர் இறங்கலாம். ஒருத்தன் இருக்க வேண்டும். கப்பலை ஆளில்லாமல் விடுவது சட்டப்படி முடியாது, சாயங்காலம் நங்கூர விளக்கு ஏற்ற ஒரு ஆள் வேண்டும், மாற்று ஆள் சீக்கிரம் வருவான். "பத்து நிமிஷம். யல்லா, முடிவு பண்ணுங்க."

எனக்கும் இறங்க ஆசைதான், அண்ணே. இல்லை என்றால் அது பொய். ராஜபாண்டிதான் கடைசியில் சொன்னான், "குலுக்கிப் போடுவோம். யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்." எனக்குத்தான் எழுத்து தெரியாதே, சீட்டு எழுதினால் நான் எப்படி நம்புவது? அதனால் சமையல்காரன் முறையில் செய்தோம். மிச்சம் இருந்த கோதுமை மாவில் மூன்று உருண்டை உருட்டினேன். ஒன்றுக்குள் ஒரு கிராம்பு. மூன்றையும் தோசைக்கல்லில் ஒரே மாதிரி வாட்டி, ராஜபாண்டி கையில் கொடுத்தேன். அவன் டப்பாவில் போட்டுக் குலுக்கினான். உருட்டியவன் நான் என்பதால் கடைசியாக எடுக்க வேண்டும் என்று பேச்சு.

நீ முதலில் எடுத்தாய். பிட்டுப் பார்க்கவில்லை. முழுசாக வாயில் போட்டு மென்று விழுங்கினாய். "கிராம்பு. நல்ல காரம்" என்றாய். "போங்க, மூட்டையைக் கட்டுங்க."

ராஜபாண்டி தன் உருண்டையைப் பிட்டான், வெறும் மாவு. என் உருண்டையைப் பிட்டுப் பார்க்க அவசியமே இல்லையே. தின்கிற பொருளை எறியக் கூடாது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ என் மூட்டையைக் கயிற்றில் கட்டி இறக்கினாய். சமையல்கட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினாய். "முருகனுக்குச் சோறு நான் வைக்கிறேன்" என்றாய்.

லாஞ்ச் பாதி தூரம் வந்திருக்கும். ராஜபாண்டிக்குப் பசி. "அண்ணாச்சி, அந்த உருண்டையக் குடுங்க" என்றான். கொடுத்தேன். கடித்தான். மெல்லுவதை நிறுத்தினான். வாயிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கறுப்பாக, சின்னதாக, தலையோடு முழுசாக ஒரு கிராம்பு.

அவன் என்னைப் பார்த்தான். நான் கப்பலைப் பார்த்தேன். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கையைக் கூட ஆட்டவில்லை.

"பாய், திருப்பு! கப்பலுக்குத் திருப்பு!" என்று லாஞ்ச் ஓட்டியிடம் கத்தினேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். "மாஃபி, மாஃபி. கலாஸ். பைட்டோ." முடியாது, அவ்வளவுதான், உட்கார் என்று அதட்டினான். நான் எழுந்து நின்றேன். ராஜபாண்டி என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து உட்கார வைத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். "ஒக்காருங்க அண்ணாச்சி, கடல்ல விழுந்துராதீய. ஒக்காருங்க."

மறுநாளே ஏஜென்ட் ஆபீஸில் போய் நின்றேன். என்னைத் திரும்பக் கப்பலில் விடுங்கள், சாரங்கை இறக்குங்கள் என்றேன். அங்கே இருந்த எல்லோருக்கும் சிரிப்பு. "எறக்கி விடுன்னு அழுறவனப் பாத்திருக்கேன். ஏத்தி விடுன்னு அழுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றான் ஒருத்தன். என் பேப்பரில் இறங்கியாச்சு என்று முத்திரை குத்திவிட்டார்களாம். குத்தினது குத்தினதுதான். மாற்று ஆள் வருவான், வருவான் என்றார்கள். யாரும் வரவில்லை.

நான் ஊருக்குப் போகவில்லை. விமானம் ஓட ஆரம்பித்ததும் ராஜபாண்டி போனான். நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் இந்த மெஸ்ஸில் சமைக்கச் சேர்ந்தேன். லீவு நாளில் உம்முல் குவைன் கரைக்கு வந்து நிற்பேன். பொழுது சாயும் நேரத்தில் மற்றக் கப்பல்களில் மஞ்சளாக விளக்கு எரியும். உன்னுடையது மட்டும் நீலம் கலந்த வெள்ளை. தோட்டத்தில் குத்தி வைக்கிற சூரிய விளக்கு, அருள் வாங்கிக் கொடுத்தது. அது எரிந்தால் நீ இருக்கிறாய். எரிந்ததும்தான் பஸ் ஏறுவேன். மற்ற நாளில் அருள் போனில் சொல்வான், "எரியுது மாமா." அந்த ஒரு வார்த்தைதான். உன் தாத்தா கரையில் நின்றாராமே, அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கியது.

ஒரு தடவை அருள் படகில் ஏறி உன்னிடம் வந்தேன். மேலே ஏற விடமாட்டார்கள். கீழே இருந்தே கத்தினேன்.

"அண்ணே! கிராம்பு என் உருண்டையிலதான் இருந்துச்சு! ஏன் பொய் சொன்னே?"

நீ கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாய். தாடி வெள்ளையாக வளர்ந்திருந்தது. "மெதுவாப் பேசு பண்டாரி. மீன் ஓடிடும்."

"வெளையாடாதண்ணே. நான் போயி ஆபீசுல சொல்றேன், மாத்திக்குவோம்."

"நீ சமைக்கிற ஆளு. ராத்திரி சங்கிலி இழுத்தா உனக்குக் கேக்குமா? எனக்குத் தூக்கத்திலயும் கேக்கும்." அப்புறம் சொன்னாய். "ராஜபாண்டி கேட்டானே, தாத்தாவுக்கு என்ன கெடச்சுதுன்னு. அன்னைக்கு எனக்குக் கோவம், பதில் வரல. இப்ப சொல்றேன், அவன்கிட்ட சொல்லு. அந்த மனுஷன் வர்றதுக்கு முன்னாடி, தூரத்துல கப்பல் தெரிஞ்சா எங்க சனம் கேக்கறது ஒண்ணுதான்: யாரைத் தூக்கிட்டுப் போக வருது? அவரு வந்தப்புறம் வேற கேட்டாங்க: இது நம்ம கப்பலா? கப்பல் வரல பண்டாரி. கேள்வி மாறிடுச்சு. தாத்தா அதத்தான் எங்கப்பனுக்குக் குடுத்தாரு."

"அதுக்காக நீ இதுல கெடந்து சாவணுமா?"

நீ சிரித்தாய். காலால் இரும்பைத் தட்டினாய். "மொதலாளி இத விட்டுட்டான். கேப்டன் போயிட்டாரு. இப்ப இது யாரு கப்பல்? பாரு, ஓட்டைதான். ஓடாது. ஆனா ஏங் கப்பல்."

அண்ணே, இத்தனை வருஷமாக அதைத்தான் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நீ எனக்காக இருந்தாயா? ராஜபாண்டி பிள்ளைக்காக இருந்தாயா? அந்தக் கப்பலுக்காக இருந்தாயா? உருண்டையை வாயில் போட்டபோது மற்ற இரண்டில் எதில் கிராம்பு இருந்தது என்று உனக்கே தெரியாது. யாருக்கு விழுந்தாலும் நீயே எடுத்துக்கொள்வது என்று ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டாய். எப்போது முடிவு பண்ணினாய்? ராஜபாண்டி சட்டையை விட்டாயே, அப்போதா?

அடுத்த வெயில் காலத்தில் ஒரு சாயங்காலம் அருள் போன் பண்ணினான். "மாமா" என்றான். "எரியுது" வரவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நான் கரைக்கு வந்தபோது மற்ற எல்லா விளக்கும் எரிந்தது. உன் இடம் மட்டும் இருட்டாக இருந்தது.

கடற்காவல் படகு போனது. ஆளை அடையாளம் காட்ட அருளை ஏற்றிக்கொண்டு போனார்கள். நீ சமையல்கட்டில் சுவரில் சாய்ந்தபடி இருந்தாயாம். தூங்குகிற மாதிரி. இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அருள் சொன்ன இன்னொன்று மட்டும் எனக்குள் அப்படியே நிற்கிறது. படங்களுக்குக் கீழே இரண்டு தட்டு இருந்ததாம். இரண்டிலும் ஒரு பிடி சோறு. ஒன்று முருகனுக்கு. இன்னொன்று, சாமி இல்லை என்று நீயே சிரித்தாயே, அவருக்கு.

அந்தப் படத்தை அருள் எடுத்து வந்தான். அதுதான் என் சுவரில் இருக்கிறது.

அபெனாவுக்கு இதெல்லாம் தெரியாது. நீ அவளிடம் போனில் "மாற்று ஆள் வருவான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். கிராம்பு விஷயத்தை ராஜபாண்டியும் நானும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், இறங்கியிருக்க வேண்டியது அவள் அப்பா, கப்பலில் இருந்திருக்க வேண்டியது நான் என்று ஆகும். அவள் என் முகத்தில் துப்பினாலும் துப்பலாம். சொல்லாவிட்டால், ஒரு தொப்பிக்காரர் பேச்சைக் கேட்டு ஏமாந்து செத்தவர் என்றே உன்னை நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவாள். எது உனக்கு வலிக்கும் என்று நான் யாரைக் கேட்க?

கொஞ்சம் நம் செய்தியும் சொல்கிறேன். கப்பலை இழுத்துக்கொண்டு போய் வெட்டிவிட்டார்கள். நீ நின்ற கம்பி இப்போது எந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறதோ. நான் நின்று பார்த்த கரையில் பெரிய ஹோட்டல் எழுப்புகிறார்கள், வேலி போட்டாச்சு. கேப்டன் அவர் ஊரில் காலமாகிவிட்டார். ராஜபாண்டி அப்புறம் குவைத்துக்கு வேலைக்குப் போனான். அங்கே மங்காஃப் என்கிற இடத்தில் ரூம். உன் பதிலை அவனிடம் போனில் சொன்னேன். "எம் மவளுக்கு ஒரு கத இருக்கு அண்ணாச்சி, பெரிசானதும் சொல்லுவேன்" என்றான். போன குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டான். அவன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கதையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் நான் வாயை மூடிக்கொண்டு செத்தால், அந்தக் கிராம்பு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். "விருப்பப்பட்டு இருந்தார்" என்று ஏஜென்ட் சொன்னதுதான் நிற்கும். உன் தாத்தா காத்திருந்ததை உன் அப்பன் உனக்குச் சொன்னான். சொல்லாமல் விட்டிருந்தால் நீயும் வெறும் சாரங்குதானே?

அருள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான். "அந்தப் புள்ளைட்ட நாந்தான மாமா இங்கிலீசுல சொல்லணும். எப்படிச் சொல்லுவேன்?" என்கிறான். நான் சொல்கிற மாதிரியே சொல்லுடா, ஒன்றும் சேர்க்காதே, ஒன்றும் குறைக்காதே என்றேன்.

படத்தைக் கழற்ற மாட்டேன், அண்ணே. இது என் சத்தியம். வியாழக்கிழமை அவள் வருவாள். அந்தப் படத்துக்கு நேரே, அதைப் பார்த்த மாதிரி, உட்கார வைப்பேன். சோறு வடித்து முதல் பிடியை இரண்டு தட்டிலும் வைப்பேன், அவள் கண் முன்னாலேயே. அப்புறம் அவளுக்குப் போடுவேன். கை கழுவிவிட்டு வரட்டும், மூன்று மாவு உருண்டையைப் பற்றிச் சொல்வேன். ராஜபாண்டி கேட்டதையும் சொல்வேன், கம்பியிலிருந்து நீ சொன்ன பதிலையும் சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். ஊருக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தலைவரை எடுப்பதும் எடுக்காததும் அவள் இஷ்டம். அவள் போன பிறகு, தூத்துக்குடியில் ராஜபாண்டியின் சின்னப் பெண்ணுக்கும் போன் போட அருளிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ சொன்னால் சரியாக இருக்கும். ராஜபாண்டி சொன்னால் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். கேப்டன் சொன்னால் நம்புவார்கள். மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தக் கப்பலில் இருந்து மூச்சோடு மிச்சம் இருக்கிறவன்,

உன் உடன்பிறவாத் தம்பி,
பண்டாரி இருளப்பன்.